காலை ஈடு, மதிய ஈடு

ஜனவரி 9, வியாழன்

பதினாறில் எட்டு போய்விட்டது.

அலமாரித் திரையை விலக்குவதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது. அழுகின உருளைக்கிழங்கும் புளித்த மாவும் சேர்ந்த நாற்றம். எட்டுப் புட்டியில் சோளம் வெள்ளைப் பஞ்சைப் போர்த்திக்கொண்டு அழகாக நிற்கிறது. மற்ற எட்டில் பழுப்பாகி, கண்ணாடியோடு சளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் கிருமி நீக்கும் பிரிவில் இருந்தவள் நான். என் கையால் போன குழாயில் வேண்டாத கிருமி வளர்ந்தது என்று ஒருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. லேபை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பின அன்று டாக்டரம்மா எல்லார் முன்னாலும் சொன்னார்: "இவங்க கை பட்டா சுத்தம்." அந்தக் கைக்கு ஒரு படி சோளம் அடங்க மாட்டேன் என்கிறது.

பண்ணைக்காரர் ஒருவர்தான் என்னை நம்பி இருக்கிறார். சிப்பிக் காளான் வளர்க்கிறார். விதை, அதாவது காளான் இழை படர்ந்த சோளம், வாங்க அரை நாள் பஸ்ஸில் போய்வருகிறவர். "தொடர்ந்து மூணு தடவை கெடாம குடுங்க, அப்புறம் நான் வேற எங்கயும் போக மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று தடவை! எனக்கு ஒரு தடவையே முழுதாக வரவில்லை. ஐம்பது வயதில் மறுபடியும் ஒன்றுக்கும் ஆகாதவள் என்று பெயர் வாங்கினால் அதன்பிறகு எனக்கு என்ன இருக்கிறது?

அக்கா எட்டிப் பார்த்தாள். "பாதி பொழச்சிருக்கே, அத பாரேன்" என்றாள்.

என் அக்காவுக்கு எப்போதும் பாதி போதும்.


ஜனவரி 10, வெள்ளி

கெட்ட புட்டிகளை அக்காவே கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டாள். நான் சொல்லவில்லை. புட்டிக் கழுத்தில் ரப்பர் போட்டு மாட்டியிருந்த தேதிச் சீட்டுகளை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதாம். தைக்க வரும் துணியில் யாருடையது என்று எழுதிக் குத்த ஆகுமாம். ஒரு துண்டுக் காகிதத்தையும் தூக்கிப் போட மனம் வராது அவளுக்கு. அத்தான் போனபிறகு ஒரு தையல் மெஷினையும் இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்தாள். அந்த இரண்டு பெட்டியிலும் பாதி, துண்டுத் துணி.


ஜனவரி 13, திங்கள்

அடுத்த தடவை. இம்முறை எதையும் விடவில்லை.

நேற்றே ஊறப்போட்ட சோளத்தை அரை வேக்காடு வேகவிட்டு வடித்து, துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டாத வரை காயவிட்டேன். சுண்ணாம்புத் தூள் கலந்து புட்டியில் முக்கால் அளவு நிரப்பிப் பஞ்சால் அடைத்து, மேலே காகிதம் கட்டினேன். பெரிய குக்கர் ஒரு நேரத்துக்கு எட்டுப் புட்டிதான் கொள்ளும். ஆகவே காலை ஒரு ஈடு, மதியம் ஒரு ஈடு. சீட்டிலும் தேதிக்குப் பக்கத்தில் காலை, மதியம் என்று எழுதிவிடுகிறேன். லேபில் பழகின பழக்கம்.

காலை ஈடு என் பொறுப்பு. அழுத்தம் ஏறினதிலிருந்து நாற்பது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. விதை போட வாங்கின தாய்ப் புட்டியோடு கொடுத்த கையேட்டில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரமா? லேபில் இருபது நிமிடத்தில் எல்லாக் கிருமியையும் கொன்றவள் நான். பயந்தவர்களுக்காக எழுதினது அது. அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் '40 போதும்' என்று எழுதி வைத்தேன். இருபதை இரட்டிப்பாக்கி இருக்கிறேன், இதற்குமேல் என்ன மரியாதை வேண்டும் சோளத்துக்கு?

மதியம் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கக் கடைக்குப் போகவேண்டும், வந்து குளிக்கவேண்டும், விதை போடும் பெட்டியைத் துடைக்கவேண்டும். அதனால் மதிய ஈட்டுக்கு அக்கா காவல். நாற்பது நிமிடத்தில் அணைத்துவிடு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது, அவள் மெஷினில் யாருடைய காலரையோ திருப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் சமையலறை இன்னும் வெந்நீர் அறை மாதிரி இருந்தது.

"கேஸ் எப்படித்தான் இவ்ளோ சீக்கிரம் தீருதுன்னு தெரியல" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்" என்று நூலைக் கடித்தாள்.


ஜனவரி 14, செவ்வாய்

ஆறின புட்டிகளில் தாய் விதை போட்டேன். மின்விசிறி நிறுத்தி, ஜன்னல் சாத்தி, பழைய மீன்தொட்டியைப் படுக்கப் போட்டுச் செய்த பெட்டிக்குள் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு. பெட்டியின் வாயை மூடும் பிளாஸ்டிக் திரையில் கை நுழைக்க இரண்டு சட்டைக் கை இருக்கிறதே, எலாஸ்டிக் வைத்து, அது அக்கா தைத்தது. நன்றாகத்தான் தைத்திருக்கிறாள்.

பத்தாவது புட்டியின் பஞ்சை எடுக்கும்போது சமையலறை வாசலில் நின்று இருமினாள். ஒன்றல்ல, தொடர்ந்து ஏழெட்டு. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"உள்ள வராதன்னு சொன்னேன்ல?"

"வரலயே, வாசல்லதான நிக்கிறேன். தண்ணி எடுக்க வந்தேன்."

அவளுக்கு இந்த இருமல் எப்போது ஆரம்பித்தது? இரண்டு மாதம் இருக்குமா?


ஜனவரி 19, ஞாயிறு

பின்னறையில் தொங்கவிட்டிருக்கும் காளான் பைகள் பூத்துத் தள்ளுகின்றன. என் விதை முளைக்கும் திறன் உள்ளதுதானா என்று பண்ணைக்காரருக்குக் காட்டுவதற்காக அக்டோபரில், பழகிப் பார்க்க வளர்த்த சில புட்டி விதையில் பன்னிரண்டு பை போட்டேன். விசிறி விசிறியாக, சாம்பல் நிறத்தில். பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்த வீட்டில் நான் செய்து உருப்பட்டது அது ஒன்றுதான்.

பின்னறைக்கும் அக்கா அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். அதன் கட்டையில் தினமும் வெள்ளைத் தூள் படிகிறதாம், தினமும் துடைக்கிறாளாம். "சுவரு உதிருது போல" என்றாள். சுண்ணாம்படித்து எத்தனை வருஷமாகிறது, உதிரத்தான் செய்யும்.

மாடிப்படியில் துணி எடுத்து வரும்போது இரண்டாம் படியில் நின்று மூச்சு வாங்கினாள். டாக்டரிடம் போ என்றேன். போகிறேன் என்றாள். போக மாட்டாள்.


ஜனவரி 27, திங்கள்

ஒன்பது.

எட்டு அல்ல, ஒன்பது. போன தடவையைவிட மோசம்.

உட்கார்ந்து யோசித்தேன். தண்ணீர் சரி. சோளம் சரி, புதிது. பஞ்சு புதிது. என் கை சரி. என் கையில் தப்பு இருக்க முடியாது. அப்படியானால் இந்த வீட்டில் சரியில்லாதது எது?

இருமல். அவள் இருமினபோது என் கையில் புட்டி திறந்திருந்தது. பாதி திறந்து பாதி மூடியிருந்த நேரம். பாதி பிழைத்து பாதி கெட்டிருக்கிறது. இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

பண்ணைக்காரரிடம் ஏழு புட்டியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "மீதி?" என்று கேட்டார். அடுத்த தடவை என்றேன். சரி என்று தலையாட்டின விதம் எனக்குப் பிடிக்கவில்லை. லேபில் எங்களை அனுப்புவதற்கு முந்தின வாரம் மேனேஜர் அப்படித்தான் தலையாட்டினார்.

சாயந்திரம் அக்காவிடம் சொல்லிவிட்டேன். சமையலறையில் வேலை நடக்கும் இரண்டு நாளும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளவேண்டும். நான் விதை போடும்போது வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. என்னோடு பேசும்போதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசவேண்டும்.

"நான் என்ன எச்சில் துப்பவா போறேன்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.


ஜனவரி 28, செவ்வாய்

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கழுவப் போட்ட புட்டிகளைப் பார்த்தேன். கெட்டது எல்லாம் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும்தான் கெட்டிருக்கிறது. வாய்ப்பக்கம் நன்றாகவே இருக்கிறது. மூச்சு மேலிருந்துதானே விழும்?

விழுந்தது அடிக்கு இறங்கியிருக்கும். குலுக்குகிறேனே.


பிப்ரவரி 3, திங்கள்

மூன்றாம் தடவை. அக்கா பூப்போட்ட துணியில் மூன்று முகத்துணி தைத்து வைத்திருக்கிறாள், நாடாவெல்லாம் வைத்து. எதைச் செய்தாலும் ஒழுங்காகத் தைத்துவிடுவாள். அதைக் கட்டிக்கொண்டு மதிய ஈட்டுக்குக் காவல் உட்கார்ந்தாள். எனக்கு வேறு ஆள் இல்லை.


பிப்ரவரி 4, செவ்வாய்

விதை போட்ட இரண்டரை மணி நேரமும் அக்கா வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மழை தூறியது. குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு டீச்சர், "சாவிய மறந்துட்டு உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா, தங்கச்சி வரணும்" என்றாளாம். இதைச் சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் இந்தத் தடவை சரியாக வந்துவிட்டால் அவளுக்கும்தானே நல்லது.


பிப்ரவரி 17, திங்கள்

எட்டு.

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதித்தான் ஆகவேண்டும், நான் என்ன பேசினேன் என்பதை.

கெட்ட புட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அக்கா துணியைக் கட்டிக்கொண்டு வந்து, வாளியை எடுத்து, முதல் புட்டியைக் கழுவக் குனிந்தாள். குனிந்ததும் இருமல் வந்துவிட்டது. நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

நான் சொன்னேன்: "தொடாத. நீ தொட்டுத் தொட்டுத்தான் எல்லாம் நாறிப் போச்சு. உன் மூச்சு பட்டாலே அழுகிடுது. இந்த வீட்ல நீ இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் வெளங்காது."

வாளியைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"சரிடீ" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் இரண்டு பேசி ஆறியிருப்பேன். அவளுக்கு அது வராது.

கொஞ்ச நேரம் கழித்து வந்து எட்டுப் புட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போய்ப் படுத்தாள்.


பிப்ரவரி 18, செவ்வாய்

தம்பிக்கு அவளே போன் போட்டிருக்கிறாள். "கொஞ்ச நாள் உன் வீட்ல இருக்கட்டுமா, பசங்களப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்று. காரணம் சொல்லவில்லை. எனக்குக் கேட்கட்டும் என்றும் பேசவில்லை, கேட்கக்கூடாது என்றும் பேசவில்லை.


பிப்ரவரி 19, புதன்

போய்விட்டாள். ஒரு பை மட்டும். மெஷினை விட்டுப் போயிருக்கிறாள். அப்படியென்றால் திரும்பி வருவாள் என்றுதானே அர்த்தம்?

படியிறங்கும்போது, "அடுப்ப பாத்துக்க" என்றாள். துணி கட்டியிருந்தாள். பஸ்ஸிலும் கட்டிக்கொண்டேதான் போயிருப்பாள்.


பிப்ரவரி 25, செவ்வாய்

வீடு முழுக்க டெட்டால் போட்டுத் துடைத்தேன். அவள் அறை, கட்டில், தலையணை உறை எல்லாம். நேற்று இரண்டு ஈட்டையும் நானே வைத்தேன். நாற்பது நிமிடம், நாற்பது நிமிடம். ஒரு நொடி கூடவோ குறையவோ இல்லை.

யாரும் இருமாத வீடு. இன்று விதை போடும்போது என் மூச்சு எனக்கே கேட்டது. இம்முறை பதினாறும் வரும். வந்தே ஆகவேண்டும்.


மார்ச் 1, சனி

பண்ணைக்காரர் வந்தார். குளித்துக்கொண்டிருந்தேன், கதவைத் திறக்க நேரமாகிவிட்டது. "அக்கா இல்லயா? எப்ப வந்தாலும் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி தொறந்துடுவாங்களே" என்றார்.

தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். எப்போது வருவாள் என்று கேட்டார். நான் புட்டிகளைக் காட்டினேன்.


மார்ச் 10, திங்கள்

பதினாறும் போய்விட்டது.

பதினாறும்.


மார்ச் 11, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை. புட்டிகள் தரையில் அப்படியே இருக்கின்றன. கழுவ ஆளில்லை. நாற்றத்தோடே சாப்பிட்டேன்.


மார்ச் 12, புதன்

அவள் இருந்தபோது பாதியாவது பிழைத்தது.

இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருமல் இல்லை, ஆள் இல்லை, தொட்டவள் நான் ஒருத்தி. என் கை பட்டால் சுத்தம் என்று யார் சொன்னது? அந்தக் கை மட்டும்தான் பட்டது.


மார்ச் 13, வியாழன்

தம்பி போன் செய்தான்.

"சின்னக்கா, ஒரு விஷயம். பெரியக்காவுக்கு இங்க வந்து பத்து நாள்ல இருமல் நின்னுடுச்சு. மருந்து கூட பாதிதான் சாப்பிட்டா. மூணாவது மாடிக்கு நிக்காம ஏறுறா. டாக்டர் படம் எல்லாம் எடுத்துப் பாத்துட்டு, வீட்ல புறா வளக்குறீங்களா, பழைய தானியம் மூட்ட வச்சிருக்கீங்களான்னு கேட்டார். காளான் பை இருக்குன்னு சொன்னேன். அதான்னுட்டார்."

"என்ன அதான்?"

"பூத்த காளான்ல இருந்து ஒரு தூள் பறக்குமாமே, வெள்ளையா? அது சில பேரு நெஞ்சுக்கு ஆகாதாம். தினமும் அத மூச்சுல இழுத்துட்டு இருந்திருக்கா. இன்னும் ஆறு மாசம் போயிருந்தா கஷ்டமாகி இருக்கும்னார். அந்த வீட்டுக்குத் திரும்ப அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டார்."

வெள்ளைத் தூள். ஜன்னல் கட்டையில். தினமும் அவள் துடைத்த தூள். சுவர் உதிருகிறது என்று நான் நம்பிக்கொண்ட தூள். பூத்த காளான் தூள் கொட்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. நான் படிக்காமல் விட்ட பக்கம் ஒன்றுமில்லை, நம்பாமல் விட்ட பக்கங்கள்தான்.

அவள் மூச்சு என் புட்டியைக் கெடுத்தது என்றேனே. என் பைகள் அவள் மூச்சைக் கெடுத்துக்கொண்டிருந்தன.

ஐயோ. என்ன பேச்சு பேசினேன்.


மார்ச் 15, சனி

மெஷினை அனுப்பச் சொல்லி தம்பி வண்டி ஏற்பாடு செய்திருக்கிறான். வழியில் ஆடி விழாமல் இருக்க இழுப்பறையைக் காலி செய்தேன். பொத்தான் டப்பா, சாக்பீஸ், ஊசி குத்தின துணிப்பொட்டலம். அதற்கடியில் ரப்பர் போட்டு ஒரு கட்டுச் சீட்டு. என் கையெழுத்து.

கெட்ட புட்டிகளின் சீட்டுகள். நல்ல புட்டிகள் சீட்டோடு பண்ணைக்குப் போய்விடும். கெட்டதைக் கழுவினவள் அவள், ஆகவே அவளிடம் இருந்தது எல்லாம் கெட்டதன் சீட்டுத்தான். மூன்று தடவைக்கும் சேர்த்து இருபத்தைந்து. சிலதின் பின்பக்கம் 'டீச்சர், இடுப்பு அரை இஞ்ச் விடணும்' என்று எழுதியிருந்தாள்.

முன்பக்கத்தைப் பார்த்தேன். காலை. காலை. காலை. சீட்டு விளையாடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தரையில் போட்டேன். இருபத்தைந்தில் இருபத்து நான்கு காலை. ஒன்றே ஒன்று மதியம்.

காலை ஈடு நான் வைத்தது. கடிகாரத்தைப் பார்த்து.

மதிய ஈடு அவள் வைத்தது.

அக்கா சமையலை வீட்டில் எல்லாரும் கேலி செய்வோம். அவள் வேகவைத்தால் காயும் பருப்பும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் போய்விடும். பல் இல்லாதவர்களுக்குச் சமைக்கிறாயா என்று அப்பாவே கேட்பார். நாற்பது நிமிடத்தில் அணைக்கிறவளா அவள்? கேஸ் தீருகிறது, கேஸ் தீருகிறது என்று நானே கத்தினேனே. வெந்நீர் அறை மாதிரி இருந்ததே சமையலறை.

லேபில் நான் வைத்தது விரல் தடிமன் குழாய். உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு சத்துக் கரைசல். இருபது நிமிடத்தில் நடுவரைக்கும் சூடு போய்விடும். இங்கே கெட்டியாக அடைத்த சோளம். ஒவ்வொரு சோள மணிக்குள்ளும் மண்ணில் கிடந்த கிருமி, ஓடு போட்டுக்கொண்டு தூங்குகிறது. நடுவில் இருப்பதற்குச் சூடு போய்ச் சேர்வதற்கு முன்னால் நான் அடுப்பை அணைத்திருக்கிறேன். அதனால்தான் நடுவிலிருந்து கெட்டது. ஜனவரி இருபத்தெட்டாம் தேதி இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு மறுநிமிடமே மழுப்பியிருக்கிறேன். பார்த்தவளும் நான், மறைத்தவளும் நான்.

கையேட்டை எடுத்தேன். '40 போதும்.' என்ன திமிரான கையெழுத்து!


மார்ச் 16, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் அக்காதான், நான் மணியைத் தொடுவதற்கு முன்னால். கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீ போட்டுக் கொடுத்தாள். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி மனைவியோடு அடுக்களையில் பேசும்போது வாய் திறந்து பேசுகிறாள், சத்தமாகச் சிரிக்கிறாள். என்னிடம் வரும்போது மட்டும் கைக்குட்டை.

"கைய எடுக்கா. இருமலே இல்லன்னு சொன்னாங்களே."

"இல்லதான். பழகிப் போச்சுடீ, தானா வந்துடுது."

இருபத்தைந்து சீட்டையும் அவள் மடியில் வைத்தேன். சொன்னேன். காலை எத்தனை, மதியம் எத்தனை என்று. என் கையால் கெட்டது, உன் கையால் பிழைத்தது என்று. நடுவில் அழுதுவிட்டேன், அதையும் எழுதுகிறேன். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

அக்கா சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீ நாப்பது நிமிஷம்னு சொல்லுவ. எனக்கு அது வெந்த மாதிரியே இருக்காது. தீயக் கொறச்சு வச்சுட்டு, ரெண்டு சட்டைக்குக் காலர் தச்சு முடிக்கிற வரைக்கும் விட்டுடுவேன். சொன்னா கேஸுக்குத் திட்டுவியேன்னு சொல்லல."

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீ லேப்ல இருந்தவ. நான் கொழைய வேகவைக்கிறவ. நான் சொன்னா கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், பையையும் புட்டியையும் தூக்கிக் குப்பையில் போடுகிறேன், வந்துவிடு என்றேன். கைக்குட்டைக்குப் பின்னால் கண் மட்டும் சிரித்தது. "அத விட்டுட்டு என்ன பண்ணுவ? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நாள் பூரா என்னையே பாத்துட்டு இருப்ப. வேணாம்டீ."

பிறகு ரொம்ப நேரம் கழித்து, டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும்போது சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்:

"அங்க இருந்தா எதத் தொடலாம், எங்க நிக்கலாம், எப்ப மூச்சு விடலாம்னு யோசிச்சிக்கிட்டே இருக்கணும். இங்க அந்த யோசன இல்ல. அதான்."

பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டு வந்தாள். அது என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டே வந்தது. நான் நகரவில்லை.


மார்ச் 17, திங்கள்

பன்னிரண்டு பையையும் ஈரத் துணியில் சுற்றி எடுத்துப் பண்ணைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் எதையும் பூக்க விடுவதில்லை. புட்டியில் இருக்கும் விதை தூள் கொட்டாது.

பின்னறையையும் அந்த ஜன்னல் கட்டையையும் துடைத்தேன். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் துணியில் வெள்ளை வந்தது. இதைத்தான் அவள் தினமும், வெறும் கையால்.

துடைத்ததால் அவள் வந்துவிடப் போவதில்லை. அது எனக்குத் தெரியும்.


மார்ச் 24, திங்கள்

ஐந்தாம் தடவை. கையேட்டில் என் எழுத்தை அடித்துவிட்டேன். தீயைக் குறைத்து இரண்டு மணி நேரம். காலையும் இரண்டு, மதியமும் இரண்டு. மெஷின் போன இடத்தில் தரையில் நாலு கால் தடம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.


ஏப்ரல் 9, புதன்

பதினாறில் பதினாறு.

அடியிலிருந்து வாய்வரை வெள்ளை. ஒரு புள்ளி இல்லை. புட்டியைத் திறந்து முகர்ந்தால் மழைக்குப் பிறகு மரப்பட்டையில் வருமே, அந்த வாசனை.

யாரையாவது கூப்பிட்டுக் காட்டவேண்டும் போல இருந்தது. "அக்கா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேவிட்டேன். பழக்கதோஷம்.

பண்ணைக்காரர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்ன மாத்துனீங்க?" என்றார்.

கூடக் கொஞ்ச நேரம் வேகவைக்கிறேன் என்றேன்.

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான் என்றேன்.


ஏப்ரல் 21, திங்கள்

ஆறாம் தடவை. காலை ஈடு முடிந்தது. மதிய ஈட்டை அடுப்பில் ஏற்றி, அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு, போன தடவை இல்லாத ஒரு காரியம் செய்தேன். தம்பி வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, குக்கர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னடீ சத்தம், சீறுது?"

"மதிய ஈடு. நீதான காவல்."

சிரிக்கிறாளா, ஒன்றுமில்லையா, தெரியவில்லை. போனை மெஷின் பக்கத்தில் வைத்திருப்பாள் போல. தடதடவென்று தைக்கிற சத்தம் இங்கே வந்தது, குக்கர் சீறுகிற சத்தம் அங்கே போயிற்று. அதிகம் பேசவில்லை. டீச்சர் ரவிக்கை ஒன்று பாக்கி இருப்பதாகச் சொன்னாள், அளவு சீட்டில் இருக்கிறதாம். தம்பி மகள் பரீட்சை எழுதியிருக்கிறாளாம். பேசும்போது அவள் குரல் அமுங்கி அமுங்கி, துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரியே கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு அது லைன் இல்லை என்று புரிந்தது.

இத்தனை தூரத்தில். போனில்.

"அக்கா, வாய்ல துணி வச்சிருக்கியா?"

மெஷின் சத்தம் நின்றது.

"இல்லயே" என்றாள். இப்போது குரல் தெளிவாக வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல.

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"அணைக்கட்டுமாக்கா?"

"இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்றாள்.

சரி என்று உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் மெஷின் ஓட ஆரம்பித்தது. கையிலிருந்த காலரை முடித்துவிட்டுச் சொன்னாள், அப்புறம்தான் அணைத்தேன்.